கப்பலைத் தொலைத்தவர் வீரரான கதை: 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படை உருவப்படங்களைப் பார்ப்பது எப்படி?

லண்டனின் கிரீனிச் பகுதியில் இருக்கும் தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் ஆளுயரத்தையும் தாண்டிய ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் உண்டு. உயரம் 239 செ.மீ., அகலம் 147 செ.மீ. பாறைக் கரை, கொந்தளிக்கும் கடல், கறுத்துப் போன வானம். அதற்கு முன்னால் ஓர் இளைஞர் விறுவிறுவென்று நடந்து வருகிறார். ஒரு கை முன்னால் நீண்டிருக்கிறது, யாருக்கோ உத்தரவு போடுவது போல. இடுப்பில் வாள். பின்னால் அவ்வளவு அமளி நடந்தும் முகத்தில் பதற்றம் கொஞ்சமும் இல்லை.

அவர் பெயர் அகஸ்டஸ் கெப்பல், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. வரைந்தவர் ஜோஷுவா ரெனால்ட்ஸ். வரைந்த காலம் 1752–53.

இந்த மாதிரிப் படத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒன்றைக் கேட்பார்கள்: ஆள் நிஜமாகவே இப்படித்தான் இருந்தாரா? கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதற்குள்ளேயே நின்றுவிட்டால் படத்தில் பாதி நமக்குப் பிடிபடாது. அந்தக் காலத்து உருவப்படம் ஒருவர் சொல்லி, ஒருவர் பணம் கொடுத்து, ஒரு குறிப்பிட்ட சுவரில் மாட்டுவதற்காகச் செய்யப்பட்ட பொருள். அதில் உள்ள கோட்டு, கை, கப்பல், மேகம் எல்லாமே பார்க்கிறவரிடம் எதையோ நம்பச் சொல்கின்றன. யாரிடம் எதை நம்பச் சொல்கிறது என்று கேட்க ஆரம்பித்தால் சுவாரசியம் கூடிவிடும். கெப்பல் படத்தையே எடுத்துக்கொள்வோம்.

உடைந்த கப்பல்

கெப்பல் 1725-இல் பிறந்தவர். அப்பா ஆல்பமார்ல் பிரபு, அதாவது செல்வாக்குள்ள குடும்பம். சின்னப் பையனாக இருக்கும்போதே கப்பலில் சேர்ந்துவிட்டார். 1740-இல், பதினைந்து வயதில், கமடோர் (சில கப்பல்கள் கொண்ட அணிக்குத் தலைமை தாங்கும் அதிகாரி) ஜார்ஜ் ஆன்சனின் உலகப் பயணத்தில் செஞ்சூரியன் கப்பலில் போனார். ஆறு போர்க்கப்பல்கள் கிளம்பின. 1744-இல் உலகைச் சுற்றித் திரும்பி வந்தது செஞ்சூரியன் மட்டும்தான். போனவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள், பெரும்பாலும் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வருவது) போன்ற நோய்களால். கெப்பல் உயிரோடு திரும்பினார், ஆனால் ஸ்கர்வியில் பற்கள் பல போய்விட்டன. படத்தில் உதடு மூடியிருப்பதை வைத்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் காலத்தில் பல் தெரியச் சிரிக்கிற மாதிரி பெரிய மனிதர்களை வரைய மாட்டார்கள், ஆக அந்த வழக்கம் கெப்பலுக்கு வசதியாகவே போயிற்று.

1747-இல் அவர் மெய்ட்ஸ்டோன் என்ற 50 பீரங்கிக் கப்பலின் கேப்டன். பிரான்சின் மேற்குக் கரைப் பக்கம் ஓர் எதிரிக் கப்பலைத் துரத்திக்கொண்டு போனவர், துரத்துகிற வேகத்தில் கரைக்கு ரொம்பவே நெருங்கிவிட்டார். மெய்ட்ஸ்டோன் தரைதட்டி உடைந்தது. ஆட்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள், ஆனால் பிரெஞ்சுக்காரர்களிடம் கைதிகளானார்கள். கெப்பல் பிறகு விடுவிக்கப்பட்டு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். கப்பலை இழந்த கேப்டன் கோர்ட் மார்ஷலுக்கு, அதாவது இராணுவ நீதிமன்றத்துக்கு, முன்னால் நின்றே ஆகவேண்டும் என்பது அன்றைய கடற்படை விதி. கெப்பலும் நின்றார், குற்றமற்றவர் என்று தீர்ப்பானது.

இப்போது படத்துக்குத் திரும்பினால் அந்தப் புயல் கரை வேறு மாதிரி தெரியும். அது மெய்ட்ஸ்டோன் உடைந்த இடத்தைக் குறிப்பதாகவே பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள். தன் கப்பலைத் தரைதட்ட விட்ட ஒருவரை வரையும்போது சாதாரணமாக ஓவியர் என்ன செய்வார்? கப்பலே இல்லாத ஓர் அறையில், மேசைக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருப்பார். ரெனால்ட்ஸ் நேர் எதிராகச் செய்தார். கெட்ட நேரத்தையே மேடையாக்கிக் கொடுத்தார். எல்லாம் நொறுங்கிப்போன கரையில் மனிதர் மட்டும் நொறுங்காமல், மற்றவர்களுக்கு வழிகாட்டியபடி நடந்து வருகிறார். கோர்ட் மார்ஷல் குற்றமில்லை என்று சொன்னதோடு நின்றது. இந்தப் படம் அதற்கும் மேலே போய், இவரல்லவோ தலைவர் என்கிறது.

ரெனால்ட்ஸ் ஏன் இத்தனை சிரத்தை எடுத்தார் என்பதற்கும் காரணம் உண்டு. 1749-இல் செஞ்சூரியன் பழுது பார்க்க பிளிமத் துறைமுகத்துக்கு வந்தபோது இருவருக்கும் அறிமுகமானது. கெப்பலுக்கு 24 வயது, ஏற்கெனவே கமடோர். ரெனால்ட்ஸுக்கு 25, டெவன் வட்டாரத்தில் மட்டும் தெரிந்த ஓவியர். மத்தியதரைக் கடலுக்குப் போகிறேன், கூட வாருங்கள் என்றார் கெப்பல். இத்தாலிக்குப் போய்ப் படிக்கக் காசில்லாமல் ஏங்கிக்கொண்டிருந்த ஓவியருக்கு ஓசிப் பயணம்! வழியில் மினோர்கா தீவில் குதிரையிலிருந்து விழுந்து உதட்டில் நிரந்தரத் தழும்பு வாங்கிக்கொண்டதைத் தவிர அவருக்கு எல்லாம் லாபம். ரோமில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கிப் பழைய சிற்பங்களையும் ரஃபேலையும் மைக்கலாஞ்சலோவையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1752-இல் லண்டன் திரும்பியதும் கெப்பலின் இந்தப் படத்தை வரைந்தார். நன்றிக்கடன் என்பது ஒரு பக்கம். தன்னால் என்ன முடியும் என்று லண்டனுக்குக் காட்டும் விளம்பரம் என்பது இன்னொரு பக்கம். படம் அவருடைய ஸ்டூடியோவிலேயே நெடுநாள் இருந்தது. வந்தவர்கள் பார்த்தார்கள், எனக்கும் இப்படி ஒன்று என்று கேட்டார்கள்.

கடன் வாங்கிய நிற்பு

அந்த நீட்டிய கையும் எடுத்து வைத்த காலும் கெப்பலுடையவை அல்ல. வாடிகனில் அப்போலோ பெல்வெடேர் என்ற பழங்காலப் பளிங்குச் சிலை இருக்கிறது. அம்பு விட்டுவிட்டு அடுத்த அடி எடுத்து வைக்கும் தேவன், கை நீண்டிருக்கும். ஐரோப்பியச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் இத்தாலிப் பயணத்தில் தவறாமல் போய்ப் பார்க்கும் சிலை அது. ரெனால்ட்ஸ் அந்த உடல்மொழியைத்தான் ஒரு கடற்படைக்காரருக்குக் கொடுத்தார். பார்க்கிறவர்களில் படித்தவர்களுக்கு உடனே பொறி தட்டும்: அட, அப்போலோ!

இதை முதலில் செய்தவர் ரெனால்ட்ஸ் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்து ஓவியர் ஆலன் ராம்சே சில ஆண்டுகளுக்கு முன்பே, நார்மன் மெக்லியோட் என்ற மலைநாட்டுக் குலத் தலைவரை ஏறக்குறைய இதே நிற்பில் வரைந்திருக்கிறார். அந்தக் காலத்தில் இதைத் திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. பழைய பெரும் படைப்புகளிலிருந்து எடுத்துப் புதிய இடத்தில் பொருத்துவது படிப்பின் அடையாளம். பிற்காலத்தில் லண்டன் ஓவியர்களின் சங்கமும் பள்ளியுமான ராயல் அகாடமியின் தலைவரான ரெனால்ட்ஸ் மாணவர்களுக்கு இதையே பாடமாகவும் சொன்னார்.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். சிலையில் அப்போலோ நிற்பது வெறும் பீடத்தில். ரெனால்ட்ஸ் அதே உடலைக் காற்றடிக்கும் கரையில் நடக்க விட்டதும், அந்தக் கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. கடன் வாங்கினாலும் வாங்கியதை உழைக்க வைத்திருக்கிறார்.

கோட்டைப் படிப்பது

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்கு 1748 வரை சீருடையே கிடையாது என்றால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு இருந்த காலத்தில் கப்பல் கேப்டன் தனக்குப் பிடித்த நிறத்தில் தைத்துப் போட்டுக்கொண்டார். எங்களுக்கும் அடையாளம் வேண்டும் என்று அதிகாரிகளே கேட்டுக் கேட்டு, அந்த ஆண்டில்தான் நீலமும் வெள்ளையும் கலந்த கோட்டு, பதவிக்கு ஏற்ற தங்கச் சரிகை என்று விதி வந்தது. அதற்குப் பிறகு 1767, 1774, 1783, 1787, 1795 என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த மாற்றங்கள்தான் இன்று ஆய்வாளர்களுக்கு வரம். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே இருக்கும் பட்டத்தையும் வேலையையும் வைத்து நாம் ஒரு குடும்பத்தை எடைபோடுவது போல, அன்றைய பார்வையாளர் பொத்தானையும் சரிகையையும் வைத்து ஆளை எடைபோட்டார். நமக்கு அதே பொத்தான் படத்தின் வயதைச் சொல்கிறது. தொடங்குகிறவர்களுக்கு ஒரு சுலபமான அடையாளம்: தோளில் குஞ்சம் தொங்கும் தங்கப் பட்டை பிரிட்டிஷ் கடற்படைச் சீருடையில் சேர்ந்தது 1795-இல்தான். அது இருந்தால் படம் அதற்குப் பிந்தியது, அல்லது பிறகு திருத்தப்பட்டது. மூன்று ஆண்டு சர்வீஸ் முடித்த கேப்டனுக்கு இரண்டு தோளிலும் பட்டை, முடிக்காதவருக்கு வலது தோளில் மட்டும், அவருக்குக் கீழே உள்ள கமாண்டருக்கு இடது தோளில் மட்டும்.

திருத்தப்பட்டது என்றேன் அல்லவா, அதற்கு அருமையான உதாரணம், பிற்காலத்தில் பிரிட்டனின் மிகப் புகழ்பெற்ற அட்மிரலான ஹொரேஷியோ நெல்சனின் முதல் பெரிய உருவப்படம். 1777-இல், நெல்சனுக்கு 18 வயது, லெப்டினன்ட் ஆகியிருந்த புதிது. அவருடைய கேப்டன் வில்லியம் லாக்கர், தன் கீழ் வளர்ந்த பையனின் படம் தன்னிடம் இருக்க வேண்டும் என்று ஜான் ஃபிரான்சிஸ் ரிகோ என்ற ஓவியரிடம் சொன்னார். வேலை முடிவதற்குள் கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிளம்பிவிட்டது. பாதிப் படம் ஸ்டூடியோவில் காத்துக்கிடந்தது. நெல்சன் திரும்பி வந்தபோது அவர் கேப்டன். நடுவில் 1780-இல், இன்றைய நிகரகுவாவில் ஸ்பானியரின் சான் ஹுவான் கோட்டைத் தாக்குதலில் கலந்துகொண்டு, காய்ச்சலில் விழுந்து, சாகப் பிழைக்கக் கிடந்து மீண்டிருந்தார்.

1781-இல் லாக்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் படம் இப்போதிருக்கும் என்னைப் போல இருக்கவே இருக்காது, ரிகோவிடம் கொஞ்சம் அழகைச் சேர்க்கச் சொல்லுங்கள், தேறிவிடும் என்ற பொருளில் கிண்டலடித்திருக்கிறார் நெல்சன். ரிகோ என்ன சேர்த்தார் என்பதை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது. அடியில் இருப்பது லெப்டினன்ட் சீருடை, கன்னம் பூசினாற்போன்ற பையன் முகம். மேலே இருப்பது கேப்டன் சீருடை, கொஞ்சம் ஒடுங்கிய முகம். பின்னணியில் சான் ஹுவான் கோட்டையும் புதிதாக வந்து உட்கார்ந்தது. ஒரே கித்தானில் இரண்டு நெல்சன்கள்.

லாக்கர் பிற்காலத்தில் கிரீனிச் மருத்துவமனையில், அதாவது ஓய்வுபெற்ற மாலுமிகளின் இல்லத்தில், துணை ஆளுநராக இருந்தபோது அங்கே கடற்படை ஓவியங்களுக்கென்று ஒரு கூடம் வேண்டும் என்று யோசனை சொன்னார். அதை 1824-இல் நடத்திக் காட்டியவர் அவருடைய மகன் எட்வர்ட் ஹாக் லாக்கர். இன்று கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கும் கடற்படை உருவப்படங்களில் கணிசமானவை அந்தத் தொகுப்பில் இருந்தவை.

பின்னணியில் என்ன கிடக்கிறது?

நங்கூரம், பீரங்கி, தொலைநோக்கி, கடல் வரைபடம், தூரத்தில் ஒரு கப்பல். கடற்படைப் படங்களில் இவை திரும்பத் திரும்ப வரும். வெறும் அலங்காரமாகப் போட்டவையும் உண்டு, குறிப்பாகச் சுமாரான ஓவியர்களிடம். ஆனால் நல்ல படத்தில் பொருள் சும்மா கிடக்காது.

நதானியல் டான்ஸ் 1776-இல் வரைந்த, கடல் பயண ஆய்வாளர் ஜேம்ஸ் குக்கைப் பாருங்கள். குக்கின் முன்னால் மேசையில் விரித்திருப்பது தென்கடலின் வரைபடம். அவரே போய் அளந்து வரைந்த கடல். விரல் அதன் மேல் இருக்கிறது. வாளை உருவவில்லை, புயல் அடிக்கவில்லை. பண்ணைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து கணக்கும் கருவியும் கற்று மேலே வந்தவருக்கு அந்தக் காகிதம்தான் போர்க்களம். படத்தை வரையச் சொன்னவர், முதல் பயணத்தில் குக்குடன் போன இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ். குக் ஓவியரின் முன்னால் உட்கார்ந்தது அந்த ஆண்டு மே மாதம். ஜூலையில் மூன்றாவது பயணம் கிளம்பினார். அதிலிருந்து அவர் திரும்பவில்லை. 1779-இல் ஹவாயில் கொல்லப்பட்டார்.

தாமஸ் கெயின்ஸ்பரோ வரைந்த அகஸ்டஸ் ஹார்வி வேறு ரகம். நங்கூரத்தின் மேல் ஒயிலாகச் சாய்ந்து நிற்கிறார், கூடவே ஸ்பெயின் கொடி. 1762-இல் ஸ்பெயின் வசமிருந்த ஹவானா நகரைப் பிடித்த சண்டையில் அவருக்குப் பங்கிருந்தது, கொடி அதைச் சொல்கிறது.

எல்லோரும் இப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வில்லியம் ஹோகார்த் 1745 வாக்கில் வரைந்த கேப்டன் லார்ட் ஜார்ஜ் கிரஹாம் தன் கப்பல் அறையில் ஹாயாக உட்கார்ந்திருக்கிறார். விக்கைக் கழற்றிவிட்டு, தலைக்குத் தொப்பி போட்டு, கையில் புகைக்குழாயோடு. கழற்றிய அந்த விக்கை மாட்டிக்கொண்டு ஒரு குட்டை மூக்கு நாய் பாட்டுப் பாடுகிறவர்களோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு கறுப்பினப் பணியாளர் குழலும் சிறு மேளமும் வாசிக்கிறார். அந்தக் காலத்துக் கடற்படைப் படங்களில் பெயர் தெரியாத ஒரு கறுப்பினத்தவர் இப்படி ஓரத்தில் வருவதைப் பார்த்தால், பிரிட்டிஷ் கடல் வணிகத்துக்கும் அடிமை முறைக்கும் அன்றிருந்த தொடர்பை மறக்காமல் பார்க்க வேண்டும்.

காசு எங்கிருந்து வந்தது?

கித்தானின் அளவு கிட்டத்தட்ட நிலையானது. தலையும் மார்பும் மட்டும் என்றால் 30×25 அங்குலம். இடுப்புக்குக் கீழே கொஞ்சம் வரை என்றால் 50×40. முழு ஆள் என்றால் 94×58. கெப்பலின் 239×147 செ.மீ. என்பது இந்தக் கடைசி அளவுதான். அளவுக்குத் தகுந்த விலை. 1764-இல் ரெனால்ட்ஸ் வாங்கியது முறையே 30, 70, 150 கின்னி. ஒரு கின்னி என்பது 21 ஷில்லிங். ஒரு லெப்டினன்ட் தன் நாள் சம்பளத்தைச் செலவழிக்காமல் ஏறக்குறைய இரண்டு ஆண்டு சேர்த்தால்தான் ரெனால்ட்ஸிடம் முழு ஆள் படத்துக்கு நிற்க முடியும். ஆக படத்தின் அளவே ஒரு செய்தி. பெரிய படத்துக்குப் பெரிய சுவர் வேண்டும், பெரிய சுவருக்குப் பெரிய வீடு வேண்டும்.

அந்தப் பணம் சம்பளத்தில் வந்ததல்ல. எதிரிக் கப்பலையோ துறைமுகத்தையோ பிடித்தால் அதன் மதிப்பைப் பிடித்தவர்களே பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் இருந்தது. மொத்தத்தை எட்டுப் பங்காக்கி, கேப்டனுக்கு மட்டும் இரண்டு. மேலே அட்மிரல் இல்லாவிட்டால் மூன்று.

1762-இல் ஹவானாவைப் பிடித்தார்களே, அங்கே கிடைத்த பங்குகளைப் பாருங்கள். கடற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் ஜார்ஜ் போகாக்குக்கு 1,22,697 பவுண்டு. தரைப்படைக்குத் தலைமை தாங்கியவருக்கும் அதே தொகை. அவர் யார் தெரியுமா? நம் கெப்பலின் அண்ணன், மூன்றாவது ஆல்பமார்ல் பிரபு. கடற்படையில் இரண்டாம் இடத்தில் இருந்த கெப்பலுக்கு 24,539 பவுண்டு. சாதாரண மாலுமிக்கு நான்கு பவுண்டுகூட வரவில்லை. அந்தப் படையெடுப்பில் மஞ்சள் காய்ச்சலில் செத்தவர்களோ ஆயிரக்கணக்கில். மாலுமிகளுக்கு ஏன் உருவப்படம் இல்லை என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

ஸ்டூடியோவில் வேலை நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1758-இல் மட்டும் ரெனால்ட்ஸிடம் வந்து உட்கார்ந்தவர்கள் சுமார் 150 பேர். ஒவ்வொரு படத்தையும் அடிமுதல் நுனிவரை ஒருவரே வரைய முடியாது. முகமும் மொத்த அமைப்பும் அவருடையது. துணி, சரிகை, கைக்குட்டை மாதிரி வேலைகளுக்கு உதவியாளர்கள் இருந்தார்கள். ரோமிலிருந்து கூட்டிவந்த ஜுசெப்பே மார்க்கி, உடை வரைவதில் தேர்ந்த பீட்டர் டாம்ஸ் போன்றவர்கள். முகத்துக்குச் சில அமர்வுகள் ஆள் வர வேண்டும். மற்றதற்குக் கோட்டை மட்டும் அனுப்பி வைத்தால் ஆயிற்று, மர பொம்மைக்கு மாட்டி வரைந்துவிடுவார்கள். சில படங்களில் முகம் ஒரு தரத்திலும் கை வேறு தரத்திலும் இருப்பதன் ரகசியம் இதுதான்.

இன்னொன்றும் உங்கள் கண்ணில் படும். ரெனால்ட்ஸின் ஆரம்பகாலப் படங்கள் பலவற்றில் முகம் சோகை பிடித்தது போல வெளுத்திருக்கும். அது ஆட்களின் நோய் அல்ல, சாயத்தின் நோய். தோலின் சிவப்புக்கு அவர் பயன்படுத்திய சில சாயங்கள் வெளிச்சம் பட்டால் நிறம் போகிறவை. போதாக்குறைக்கு மெழுகு, பிசின், தார் என்று எதையாவது கலந்து பரீட்சை செய்துகொண்டே இருப்பார். அவர் உயிரோடு இருக்கும்போதே படங்கள் வெளுக்கவும் வெடிக்கவும் தொடங்கி, வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள்.

அதே ஆள், மறுபடியும் விசாரணை

கெப்பலின் படத்தை எட்வர்ட் ஃபிஷர் என்ற செதுக்குக் கலைஞர் 1760 வாக்கில் செப்புத் தகட்டில் எடுத்து அச்சாக்கினார். மெஸோடின்ட் என்ற அந்த முறையில் எண்ணெய் ஓவியத்தின் இருளும் ஒளியும் ஓரளவு அப்படியே வரும். ஸ்டூடியோவுக்குப் போகாதவர்களும் அச்சுக்கடையில் கெப்பலைப் பார்த்தார்கள். 1760-இல் லண்டனில் ஓவியக் கண்காட்சிகள் தொடங்கின, 1769 முதல் ராயல் அகாடமியின் ஆண்டுக் கண்காட்சியும் வந்தது. வீட்டுச் சுவருக்கென்று வரைந்த படங்கள் ஊர் பார்க்கும் படங்களாயின.

இதன் பலன் 1779-இல் தெரிந்தது. முந்திய ஆண்டு ஜூலையில் உஷாந்த் தீவுக்கு அருகே பிரெஞ்சுக் கப்பற்படையோடு நடந்த சண்டை வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. அப்போது அட்மிரலாக இருந்த கெப்பல் மீது, அவருக்குக் கீழே சண்டையிட்ட சர் ஹியூ பாலிசர் புகார் கொடுத்தார். போர்ட்ஸ்மத்தில் ஐந்து வாரம் விசாரணை. பின்னணியில் கட்சி அரசியல் வேறு. பிப்ரவரி 11 அன்று புகார் பொய்யானது என்று தீர்ப்பானதும் லண்டனில் கொண்டாட்டம் கட்டுமீறிப் போனது. கூட்டம் பாலிசர் வீட்டு ஜன்னல்களை நொறுக்கியது. மதுக்கடைகளுக்குக் கெப்பல் தலை என்று பெயர் வைத்தார்கள்.

கெப்பல் செய்த காரியம் என்ன? மறுபடியும் ரெனால்ட்ஸிடம் போனார். தனக்காக வாதாடிய வழக்கறிஞர்களுக்கும், கூட நின்ற அரசியல்வாதி எட்மண்ட் பர்க்குக்கும் தன் உருவப்படத்தைப் பரிசாகக் கொடுத்தார். அந்த வரிசையில் ஒன்று, 1780 தேதியிட்டது, இன்று டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 50×40 அங்குல வகை. ஐம்பதைத் தாண்டிய கனத்த மனிதர், அடக்கமான நிற்பு. அப்போலோவுக்கு இங்கே வேலை இல்லை. இளைஞருக்கு வீரர் என்ற பெயர் தேவைப்பட்டது, ஓவியர் சம்பாதித்துக் கொடுத்தார். கிழவருக்குப் பெயர் ஊரெல்லாம் இருந்தது, ஆள் இருந்தால் போதும்.

பழகிப் பார்க்க ஒரு படம்

இதையெல்லாம் வைத்து நீங்களே படித்துப் பார்க்க நம் கடலோடு சம்பந்தப்பட்ட ஒரு படத்தைச் சொல்கிறேன். சர் எட்வர்ட் ஹியூஸ், ரெனால்ட்ஸ் 1786–87-இல் வரைந்தது, இதுவும் கிரீனிச்சில்தான். ஹியூஸ் சென்னையை மையமாக வைத்து இயங்கிய கிழக்கிந்தியக் கப்பற்படைத் தலைவர். 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்ததில் பங்கெடுத்தார். 1782 ஜனவரியில் திருகோணமலையைப் பிடித்தார். அப்புறம் வந்தார் பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரென். சதுரங்கப்பட்டினம், இலங்கைக் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று 1782 பிப்ரவரிக்கும் 1783 ஜூனுக்கும் இடையில் இருவரும் ஐந்து முறை மோதினார்கள். ஒன்றிலும் யாருக்கும் முழு வெற்றி இல்லை. நடுவில் திருகோணமலையை ஹியூஸ் பறிகொடுத்தார். கடலூர்ச் சண்டை நடந்து சில நாள் கழித்துத்தான், ஐரோப்பாவில் எப்போதோ சமாதானம் பேசி முடித்துவிட்ட செய்தி இங்கே வந்து சேர்ந்தது. ஹியூஸ் பெரும் பணக்காரராக ஊர் திரும்பினார்.

அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் அவர் பெயரைத் தேடினால் படம் கிடைக்கும். முழு ஆள் அளவு, ஆக விலை என்ன வகை என்று தெரிந்துவிடும். 1787-ஐத் தாண்டாத படம் என்பதால் தோளில் தங்கப் பட்டையைத் தேடாதீர்கள், பதவி என்ன என்பதற்குக் கைமடிப்பில் சரிகை வரிசையை எண்ணிப் பாருங்கள். 1783 விதிப்படி அட்மிரலுக்கு மூன்று வரிசை, வைஸ் அட்மிரலுக்கு இரண்டு, ரியர் அட்மிரலுக்கு ஒன்று. அடுத்து உடல் பருமன். ஹியூஸ் நல்ல கனமான ஆள், ரெனால்ட்ஸ் அதை ஒளிக்க ரொம்பவும் மெனக்கெடவில்லை. அதற்கப்புறம் பின்னணிக்குப் போய், ஐந்து சண்டைகளில் ஒன்றைக்கூடத் தெளிவாக ஜெயிக்காத ஒருவருக்கு ஓவியர் எப்படிப்பட்ட கடலைக் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள்.